பொதுத் தொட்டியில் கப்பிக் குஞ்சுகள்: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

பல மீன்கள் சேர்ந்து வாழும் பொதுத் தொட்டியில், முட்டையிடாமல் குஞ்சு ஈனும் சிறு அலங்கார மீனான கப்பியின் குஞ்சுகள் பிழைக்கவில்லை என்று சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: குஞ்சுகள் இறந்து கிடக்கின்றனவா, அல்லது காணாமல் போகின்றனவா? காணாமல் போகும் குஞ்சு பெரும்பாலும் வேறொரு மீனின் வாய்க்குள்ளோ ஃபில்டருக்குள்ளோ போயிருக்கும். இறந்து கிடக்கும் குஞ்சு நீரின் கேட்டாலோ பட்டினியாலோ நோயாலோ இறந்திருக்கும். முதல் வகைக்குத் தொட்டியின் அமைப்பை மாற்ற வேண்டும். இரண்டாம் வகைக்கு நீரையும் உணவையும் சரிசெய்ய வேண்டும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் செடி, மருந்து, உப்பு, புதிய ஃபில்டர் என்று அனைத்தையும் ஒரே வாரத்தில் சேர்ப்பவருக்கு, அடுத்த ஈற்றுக் குஞ்சுகள் பிழைத்தாலும் எதனால் பிழைத்தன என்று தெரியாது, பிழைக்காவிட்டாலும் எதனால் இறந்தன என்று தெரியாது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. பிறந்த கப்பிக் குஞ்சின் நீளம் ஏறக்குறைய 6 முதல் 8 மில்லிமீட்டர்தான். அந்தச் சிறு உடலை நத்தைகளும் இறால்களும் மற்ற மீன்களும் சில மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும் என்பதால், உடல் கிடைக்கவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு உயிரோடிருந்த குஞ்சை மீன்கள்தான் விழுங்கின என்று முடிவுகட்ட முடியாது. ஆகவே எந்த மாற்றமும் செய்வதற்கு முன் ஒரு சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

குஞ்சுகள் பிறந்தவுடன் ஆறு அல்லது ஏழு குஞ்சுகளைப் பிடித்து, அதே தொட்டிக்குள் தொங்கும் மெல்லிய வலைப்பெட்டியில் விடவும். மற்றவை வெளியிலேயே இருக்கட்டும். நீர் ஒன்று, வெப்பம் ஒன்று, உணவு ஒன்று. உள்ளே இருப்பவற்றை எதுவும் தின்ன முடியாது, ஃபில்டரும் இழுக்க முடியாது என்பது மட்டுமே வேறுபாடு. மூன்று நான்கு நாட்கள் கழித்து, பெட்டிக்குள் இருப்பவை சுறுசுறுப்பாக நீந்த, வெளியே இருந்தவை குறைந்துகொண்டே வந்திருந்தால், தின்னப்படுவதோ ஃபில்டருக்குள் போவதோதான் சிக்கல். உள்ளே இருப்பவையும் இறந்தால் நீர், உணவு, நோய் ஆகிய மூன்றில் ஒன்றே காரணம். அந்த நிலையில் எவ்வளவு செடி வைத்தாலும் பயனில்லை.

அறிகுறி: காலையில் கண்ட குஞ்சுகள் மாலையில் இல்லை, உடல்களும் கிடைக்கவில்லை

பெரும்பாலானோர் சந்திப்பது இந்த நிலையைத்தான். இதற்கு முதல் காரணம் தாய்மீனே. கப்பிக்குத் தன் குஞ்சைக் காக்கும் இயல்பு கிடையாது. வாய்க்கு அடங்கும் அளவில் எது அசைந்தாலும் அதற்கு அது இரைதான். ஈனும் நாட்களில் தாய்க்கு நன்றாக உணவு கொடுத்தால் தின்பது ஓரளவு குறையும், முற்றிலும் நிற்காது. மற்ற கப்பிகள், மோலி, பிளாட்டி, நியான் டெட்ரா ஆகிய சாதுவான மீன்களும் பிறந்த குஞ்சை விழுங்கும். ஏஞ்சல் மீன், கௌராமி, பீட்டா, டைகர் பார்ப் ஆகியவை இருக்கும் தொட்டியில் தனி ஏற்பாடு எதுவும் இல்லாமல் குஞ்சு பிழைக்கும் என்று எதிர்பார்ப்பதே தவறு. அங்கே குஞ்சுகளை வேறிடத்துக்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை. பாசி தின்னும் சிறு மீனான ஓட்டோசின்க்ளஸ், செர்ரி இறால், சிறு நத்தைகள் ஆகியவற்றால் நலமாக இருக்கும் குஞ்சுக்கு ஆபத்து இல்லை. அடியில் மேயும் கோரிடோராஸ் மீன், கப்பிக் குஞ்சுகளைத் துரத்திச் சென்று வேட்டையாடுவதில்லை. ஆனால் அடியில் ஓய்ந்து கிடக்கும் குஞ்சு எதிர்ப்பட்டால் விட்டுவிடும் என்று சொல்ல முடியாது.

தின்னும் மீன்களை மாற்ற முடியாத தொட்டியில், குஞ்சுகள் ஒளிந்துகொள்ளும் இடத்தைத்தான் மாற்ற வேண்டும். இங்கே பலரும் செய்யும் வீண் செலவு, அடியில் வைக்கும் குகைகளும் மண்கலங்களும் பொம்மைக் கோட்டைகளும்தான். பிறந்த கணம் அடியில் தயங்கி நின்றாலும், கப்பிக் குஞ்சு விரைவிலேயே மேல்மட்டத்துக்கு வந்து அங்கேதான் தங்குகிறது. எனவே அடைக்கலம் நீரின் மேற்பரப்பை ஒட்டி இருக்க வேண்டும். மிதக்கவிட்ட ஹார்ன்வொர்ட், கப்பி கிராஸ், வேர்கள் தொங்கும் வாட்டர் ஸ்ப்ரைட், ஜாவா மாஸ் ஆகியவை இதற்கு மிகவும் ஏற்றவை. எந்தச் செடி என்பதைவிட எவ்வளவு அடர்த்தி என்பதே முக்கியம். அழகுக்காக இங்கொன்றும் அங்கொன்றுமாக நட்ட செடிகளுக்கு நடுவில் பெரிய மீன் தாராளமாகப் புகுந்து வரும். அதற்கு மாறாக, தொட்டியின் ஒரு மூலையில், மேற்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மூடி, கீழே ஒரு சாண் ஆழத்துக்கு இறங்கும் அளவுக்கு அடர்ந்த ஒரே புதரை உருவாக்கினால், குஞ்சு உள்ளே நுழையும், வளர்ந்த மீன் நுழையாது. விரலைப் புதருக்குள் விட்டுப் பார்த்தால் தண்டுகள் தடுக்க வேண்டும். தடையில்லாமல் விரல் போனால் பெரிய கப்பியும் போகும்.

இத்தகைய புதருக்குள் இன்னொரு நன்மையும் நடக்கிறது. மாஸின் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வளர்கின்றன. குஞ்சுகள் நாள் முழுவதும் அவற்றைக் கொத்தித் தின்றுகொண்டே இருக்கும். உணவு தேடி வெளியே வர வேண்டிய தேவை குறைவதால் தின்னப்படுவதும் குறைகிறது. பழைய, நன்கு வேரூன்றிய செடித் தொட்டிகளில் யாரும் எதுவும் செய்யாமலே சில குஞ்சுகள் வளர்ந்து நிற்பதற்கு இதுவே காரணம்.

இரண்டாவதாகச் சந்தேகிக்க வேண்டியது ஃபில்டரை. நீரை வேகமாக இழுக்கும் எந்த ஃபில்டரின் உறிஞ்சும் வாயிலும் குஞ்சு எளிதாகப் போய்விடும். ஃபில்டரை நிறுத்தி உள்ளறையைத் திறந்து பாருங்கள். வெளியே தொங்கும் வகை ஃபில்டராக இருந்தால் குஞ்சுகள் உள்ளே உயிரோடு நீந்திக்கொண்டிருக்கவும் வாய்ப்புண்டு. உறிஞ்சும் வாயில் நுண்துளை ஸ்பாஞ்சு ஒன்றை மாட்டிவிட்டால் இந்தச் சிக்கல் அன்றோடு முடிந்துவிடும். அந்த ஸ்பாஞ்சை வாரம் ஒருமுறை தொட்டி நீரிலேயே பிழிந்து கழுவ வேண்டும். குழாயடியில் கழுவினால் அதில் வாழும் பயனுள்ள பாக்டீரியாக்கள் குளோரினால் அழிந்துபோகும். குஞ்சுகளுக்கென்றே தனித் தொட்டி வைப்பதாக இருந்தால் ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரைத் தவிர வேறு எதையும் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது காரணம் அரிது, ஆனால் கொடியது. புதிய செடி வாங்கி வைத்த சில வாரங்களில் குஞ்சுகள் குறையத் தொடங்கினால், செடியோடு தட்டானின் இளம்பருவப் பூச்சி வந்திருக்கலாம். அது மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைச் சட்டென்று நீட்டிக் குஞ்சைக் கவ்விக்கொள்ளும். ஊசித்தட்டானின் இளம்பூச்சி ஒல்லியாக, வாலில் இலை போன்ற மூன்று செவுள்களுடன் இருக்கும். இவற்றைக் கையால் பிடித்து அகற்றுவதுதான் வழி. இரவில் விளக்கணைத்துச் சிறிது நேரம் கழித்து டார்ச் அடித்துத் தேடினால் எளிதில் அகப்படும். தொட்டிக் கண்ணாடியிலும் செடியிலும் ஒட்டிக்கொண்டு, ஒரு சென்டிமீட்டர் அளவில் நூல் போன்ற கைகளை விரித்து நிற்கும் ஹைட்ராவும் பிறந்த குஞ்சைக் கொட்டிக் கொல்லும். உயிருணவு அதிகமாகப் போடும் தொட்டியில்தான் ஹைட்ரா பெருகுகிறது. உணவைக் குறைத்தாலே எண்ணிக்கை இறங்கும். ஃபென்பெண்டசோல் மருந்து அதைக் கொல்லும், ஆனால் சில வகை நத்தைகளையும் சேர்த்துக் கொல்லும்.

அறிகுறி: வலைப்பெட்டிக்குள் பாதுகாப்பாக இருந்தும் இறக்கின்றன

தொட்டியில் உள்ள பெரிய மீன்கள் நலமாக இருக்க, பெட்டிக்குள் இருப்பவை மட்டும் இறந்தால் பெட்டியின் மேல்தான் சந்தேகம் வர வேண்டும். சில கீற்றுகள் மட்டும் உள்ள பிளாஸ்டிக் பெட்டிகளில் நீர் ஓட்டமே இருக்காது. மேலே போட்ட உணவு அடியில் படிந்து அழுகி, பெட்டிக்குள் மட்டும் அம்மோனியா ஏறி, பிராணவாயு குறைந்து, வெளியே சோதித்தால் சுத்தமாகத் தெரியும் நீரிலேயே குஞ்சுகள் திணறிச் சாகும். வலைப்பெட்டி இதைவிட மேல். ஆனால் அதன் துளைகளும் சில நாட்களில் வழவழப்பான படலத்தால் அடைபட்டுவிடும்.

பெட்டியை ஃபில்டரின் நீர் விழும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, மெல்லிய ஓட்டம் வந்து சேரும் இடத்தில் தொங்கவிடவும். அல்லது பெட்டிக்கு அடியில், காற்றுக் குமிழிகளை விடும் ஏர் ஸ்டோன் ஒன்றை வைக்கவும். தினமும் ஒரு துளிக்குழாயால் அடியில் கிடக்கும் எச்சத்தை உறிஞ்சி எடுக்கவும். வலையை வாரம் இருமுறை மென்மையான தூரிகையால் தேய்க்கவும். உள்ளே ஒரு கைப்பிடி ஜாவா மாஸ் போடவும். இவ்வளவும் செய்தாலும் பெட்டி என்பது இரண்டு மூன்று வாரத்துக்கான தங்குமிடம்தான். நாற்பது குஞ்சுகளை அதிலேயே வளர்த்துவிட முடியாது.

பெட்டிக்குள்ளும் வெளியிலும் ஒரேபோல் இறந்தால் தொட்டி நீரையே சோதிக்க வேண்டும். கழிவிலிருந்து உருவாகும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். சிறிதளவு என்று சமாதானம் சொல்லிக்கொள்ள இடமில்லை. கப்பி விரும்பும் 7-க்கு மேற்பட்ட பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) அளவில், பிஎச்சும் வெப்பமும் உயர உயர அம்மோனியாவின் நச்சுத்தன்மை கூடுகிறது. வளர்ந்த மீன் மூச்சு வாங்கிச் சமாளிக்கும் அளவே குஞ்சுக்கு உயிர்போகும் அளவாகிவிடும். தொட்டி அமைத்து ஓரிரு வாரங்களே ஆகியிருந்தால், கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் இன்னும் நிலைபெற்றிருக்காது. அதுவரை நாள்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றுவதும் உணவைக் குறைப்பதுமே செய்யக்கூடியவை.

அறிகுறி: பிறந்ததிலிருந்தே மேலே எழ முடியாமல் அடியில் தத்துகின்றன

குஞ்சின் வயிற்றில் மஞ்சள் நிறக் கரு உருண்டை வெளியே தெரிகிறதா என்று பார்க்கவும். தெரிந்தால் அது குறைப்பிரசவக் குஞ்சு. கரு உள்ளிழுக்கப்படும் வரை அதற்கு உணவு தேவையில்லை. எட்டு அல்லது பத்து சென்டிமீட்டர் ஆழமே உள்ள, சலனமற்ற, தொட்டியின் அதே வெப்பமுள்ள நீரில் விட்டுவைத்தால் சில பிழைக்கும், பல பிழைக்காது. கரு உருண்டை இல்லாமலும் வயிற்றை அடியில் தேய்த்துக்கொண்டே நகரும் குஞ்சுக்குப் பெரும்பாலும் மிதவைப்பை சரியாக அமையவில்லை என்று பொருள். இரண்டு மூன்று நாட்களில் எழாவிட்டால் பிறகு எழுவது அரிது.

குறைப்பிரசவம் திரும்பத் திரும்ப நேர்ந்தால் தாயை நாம் எப்படி நடத்துகிறோம் என்று பார்க்க வேண்டும். ஈனும் நேரம் நெருங்கிய மீனை வலையில் அள்ளி, குறுகிய பெட்டிக்குள் அடைத்து, வெளியே மற்ற மீன்கள் சுற்றிவரும்படி விட்டால், அந்த அதிர்ச்சியில் அது முதிராத குஞ்சுகளை வெளியேற்றிவிடலாம். அல்லது ஈனாமல் அடக்கிக்கொண்டு நோயுறலாம். ஆண் மீன்கள் அதிகமாகி ஓயாமல் துரத்தினாலும் இதே நிலைதான். ஓர் ஆணுக்கு இரண்டு அல்லது மூன்று பெண் என்ற கணக்கு இதற்காகத்தான்.

கப்பியின் சினைக்காலம் பொதுவாக 21 முதல் 30 நாட்கள்; வெதுவெதுப்பான நீரில் விரைவாகவும் குளிர்ந்த நீரில் தாமதமாகவும் ஈனும். ஒருமுறை ஈன்ற தேதியைக் குறித்துவைத்தால் அடுத்த ஈற்றை ஏறக்குறைய கணித்துவிடலாம். இடம் மாற்ற வேண்டும் என்றால் ஒரு வாரம் முன்னதாகவே, வயிறு பக்கவாட்டில் சதுரமாகத் தெரியத் தொடங்குவதற்கு முன், செடிகள் நிறைந்த தனித் தொட்டிக்கு மாற்றி, ஈன்றபின் தாயைத் திரும்ப எடுத்துவிடலாம். ஆண் மீனே இல்லாத தொட்டியில் எப்படிச் சினை பிடித்தது என்று குழம்ப வேண்டாம். ஒருமுறை சேர்ந்த பெண் கப்பி விந்தணுக்களை உடலுக்குள் பல மாதங்கள் சேமித்துவைத்து, அடுத்தடுத்து ஈனக்கூடியது.

அறிகுறி: நன்றாக நீந்திக்கொண்டிருந்தவை மூன்றாம் நாளுக்குப் பிறகு ஒவ்வொன்றாக மெலிந்து இறக்கின்றன

தலை பெரிதாகவும் வயிறு ஒட்டியும் தெரிந்தால் பட்டினி. உணவு போடுகிறோமே என்பார்கள். போடும் உணவு வாய்க்குள் போகிறதா என்பதுதான் கேள்வி. பெரிய மீனுக்கான ஃப்ளேக்ஸை அப்படியே தூவினால் குஞ்சு அதைச் சுற்றிச் சுற்றி வரும், கடிக்க இயலாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து, துகள் என்று உணர முடியாத அளவுக்கு மாவாகத் தேய்த்து, குஞ்சுகள் நிற்கும் புதருக்கு நேர் மேலே தூவ வேண்டும். பொதுத் தொட்டியில் இதற்கு முன் தொட்டியின் மறுமுனையில் பெரிய மீன்களுக்கு உணவு போட்டு அவற்றை அங்கே இழுத்துவைப்பது அவசியம். இல்லாவிட்டால் குஞ்சுக்குப் போட்ட உணவையும், அதைத் தேடி வந்த குஞ்சையும் அவை சேர்த்தே தின்னும்.

ஒரு வேளைக்கு மிகச் சிறிதளவாக நாளுக்கு மூன்று முதல் ஐந்து வேளை கொடுப்பது நல்லது. குஞ்சின் வயிறு மிகச் சிறியது. ஒரே வேளையில் நிறையப் போட்டு நாள் முழுவதற்கும் என்று விட்டால் மிஞ்சியது அழுகி, பட்டினியோடு நீர்க்கேடும் சேரும். வேலைக்குச் செல்பவர்களால் ஐந்து வேளை முடியாது என்றால் காலை, மாலை, இரவு மூன்று வேளையும், அடர்ந்த மாஸும் போதும்.

உயிருணவில் சிறந்தது அப்போதுதான் பொரித்த ஆர்டீமியா (உப்புநீரில் வாழும், இறால் போன்ற மிகச் சிறிய உயிரி). ஒரு லிட்டர் நீருக்கு 25 முதல் 30 கிராம் உப்பு கலந்து, 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், வெளிச்சமும் தொடர்ந்த காற்றுக் குமிழிகளும் கொடுத்தால் 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டைகள் பொரிந்துவிடும். காற்றை நிறுத்திச் சில நிமிடம் விட்டால் வெற்று ஓடுகள் மேலே மிதக்கும்; பாட்டிலின் கீழ்ப்பக்கத்தில் விளக்கைக் காட்டினால் குஞ்சு ஆர்டீமியாக்கள் ஆரஞ்சுப் புகைபோல அங்கே திரளும். அவற்றை உறிஞ்சி எடுத்து, நன்னீரில் அலசிக் கொடுக்க வேண்டும். ஓடுகள் செரிமானமாகாதவை; அவற்றைக் குஞ்சு விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுவதே நல்லது, நேரமாக ஆக அவற்றின் சத்து குறைந்துகொண்டே போகும். கொடுத்துப் பத்து நிமிடம் கழித்து, கண்ணாடிக்குப் பின்னால் வெளிச்சம் வரும்படி பார்த்தால், ஒளி ஊடுருவும் அந்தச் சிறிய உடலில் வயிறு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் உருண்டு நிற்கும். எந்தக் குஞ்சு தின்றது, எது தின்னவில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழி வேறில்லை. வயிறு நிறமற்றே இருக்கும் குஞ்சைத் தனியே எடுத்துக் கவனிக்கலாம்.

அவித்த முட்டை மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றும் பழக்கம் பரவலாக உள்ளது. குஞ்சுகள் அதைத் தின்னும்; ஆனால் பொதுத் தொட்டியில் அது நீரை மிக விரைவில் கெடுக்கிறது என்பதால் நான் அதைத் தவிர்க்கவே சொல்வேன்.

அறிகுறி: நீர் மாற்றிய அன்றோ மறுநாளோ கூட்டமாக இறக்கின்றன

குளோரின், வெப்பம், நீரை உறிஞ்சி வெளியேற்றும் சைஃபன் குழாய் என்ற மூன்றையும் இந்த வரிசையிலேயே பாருங்கள். குழாய் நீரில் உள்ள குளோரின், நீரைத் திறந்து வைத்துக் காற்று ஓட்டினால் ஒரு நாளில் வெளியேறிவிடும். ஆனால் குளோரினுக்குப் பதிலாகக் குளோரமைன் கலக்கப்பட்ட நீரை ஒரு நாள் வைத்திருந்தாலும் அது போகாது, அதற்கான நீக்கி மருந்தைக் கலந்தே ஆக வேண்டும். புதிய நீரின் வெப்பம் தொட்டி நீரின் வெப்பத்தோடு ஓரிரு டிகிரிக்குள் பொருந்த வேண்டும். ஒரேயடியாகப் பாதி நீரை மாற்றுவதைவிட, குஞ்சுகள் உள்ள காலத்தில் 10 முதல் 20 விழுக்காடு நீரை ஒன்றுவிட்டு ஒரு நாள் மாற்றுவது எவ்வளவோ நல்லது.

கூட்டமாக இறக்காமல் எண்ணிக்கை மட்டும் ஒவ்வொரு நீர் மாற்றத்துக்குப் பிறகும் குறைந்தால், அவை சைஃபன் வழியாக வாளிக்குப் போகின்றன. குழாயின் முனையில் மெல்லிய வலைத்துணியைக் கட்டவும். வெளியேற்றிய நீரை வெண்ணிற வாளியில் பிடித்து, சிறிது நேரம் அசையாமல் வைத்துப் பார்த்துவிட்டுக் கொட்டவும்.

அறிகுறி: துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடுங்குகின்றன

உடலில் புள்ளியோ படலமோ இல்லாமல் நடுக்கம் மட்டும் இருந்தால் நீரின் கடினத்தன்மையைச் சோதிக்கவும். கப்பி, கனிமங்கள் நிறைந்த, 7 முதல் 8 வரை பிஎச் உள்ள நீரில் செழிக்கும் மீன். மழைநீர், ஆர்ஓ கருவியில் வடித்த நீர் ஆகியவற்றை மட்டும் ஊற்றும் தொட்டிகளில் இந்த நடுக்கத்தைக் காணலாம். நொறுக்கிய பவழத் துண்டுகளையோ சுண்ணாம்புக் கற்களையோ ஒரு துணிப்பையில் கட்டி ஃபில்டரில் வைத்தால் கடினத்தன்மை மெல்ல உயரும். மெல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரே நாளில் நீரின் தன்மையை மாற்றுவது கெட்ட நீரைவிடக் கேடு. வெப்பமும் 24-க்குக் கீழே இறங்காமல், 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை நிலையாக இருக்க வேண்டும். உப்புப் போடச் சொல்லும் அறிவுரையைப் பொதுத் தொட்டியில் பின்பற்றுமுன், அதே தொட்டியில் உள்ள கோரிடோராஸும் செடிகளும் உப்பைத் தாங்காது என்பதை நினைவில் கொள்ளவும்.

துடுப்பை ஒடுக்குவதோடு செடியிலும் கல்லிலும் உடலை உரசினால், அறையை இருட்டாக்கி டார்ச்சை மேலிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள். உடலில் பொன்தூள் தூவியதுபோல் மின்னினால் அது வெல்வெட் நோய். இந்த நோய்க்கு நுண்ணிய ஒட்டுண்ணி ஒன்றே காரணம். அது ஒளியையும் பயன்படுத்தி வாழ்வது என்பதால் தொட்டியைச் சில நாட்கள் இருட்டாக மூடிவைப்பது மருந்துக்குத் துணைசெய்யும். தாமிர மருந்துகள் இதற்குப் பயன்படும் என்றாலும் இறாலும் நத்தையும் அதில் பிழைக்கா. குஞ்சுகளுக்கும் அளவு சிறிது கூடினாலே ஆபத்து. எனவே மருந்திடுவதைத் தனித் தொட்டியில் செய்வது நல்லது.

வாயைச் சுற்றியோ முதுகில் சேணம் போட்டதுபோலவோ வெண்படலம் தெரிந்தால் அது கொலும்னாரிஸ் என்ற பாக்டீரியா நோயாக இருக்கலாம். வெண்புள்ளி நோய்க்குச் செய்வதுபோல இதற்கு வெப்பத்தை உயர்த்தினால் பாக்டீரியா இன்னும் வேகமாகப் பெருகும். வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஒன்றென்று நினைத்து ஹீட்டரைத் திருகுவதால் இழக்கும் குஞ்சுகள் ஏராளம். பொடி உப்புக் கற்கள்போல் தனித்தனிப் புள்ளிகள் என்றால் வெப்பத்தை மெல்ல உயர்த்தலாம். படலம் என்றால் உயர்த்தக் கூடாது.

அறிகுறி: இறக்கவில்லை, ஆனால் ஒரு மாதமாகியும் வளரவில்லை

நெரிசல், குறைந்த உணவு, மாற்றாத நீர் ஆகியவற்றில் ஒன்று காரணம். பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தே இருக்கும். அம்மோனியா இல்லாவிட்டாலும், கழிவு சிதைந்து கடைசியில் மிஞ்சும் நைட்ரேட் ஏறிய நீரில் குஞ்சு வளர்ச்சி மந்தமாகும். இடத்தைக் கூட்டி, நீர் மாற்றத்தைக் கூட்டி, ஆர்டீமியா கொடுத்தால் இரண்டு வாரத்தில் வேறுபாடு தெரியும். ஒரு சில குஞ்சுகள் மட்டும் முதுகு வளைந்து வளர்ந்தால், அது மரபுக் குறையாகவோ சத்துக் குறைவாகவோ மீன்களின் காசநோயாகவோ இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அவற்றை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது.

அறிகுறி: வளர்த்துத் தொட்டியில் விட்ட உடனே காணாமல் போகின்றன

அவசரப்பட்டு விட்டுவிட்டீர்கள். தொட்டியில் உள்ள மிகப் பெரிய மீனின் வாயைவிடக் குஞ்சின் உடல் பருமனாக இருக்கிறதா என்பதே அளவுகோல், வயது அல்ல. கப்பிகளும் சிறு டெட்ராக்களும் மட்டும் உள்ள தொட்டிக்கு ஒன்றரை சென்டிமீட்டர் போதுமானது, அதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். பெரிய கௌராமி இருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். விடும்போது பகலில், பெரிய மீன்களுக்கு வயிறு நிறைய உணவு போட்டபின், செடிப் புதருக்குள் நேராக விடவும். நடுத்தொட்டியில் விட்டால் புதிதாக எது விழுந்தாலும் பாய்ந்து பார்க்கும் பழக்கமுள்ள மீன்கள் முதலில் கடித்துவிட்டுத்தான் யோசிக்கும்.

அறிகுறி: இப்போது எல்லாமே பிழைக்கின்றன

மேலே சொன்னவற்றைச் சரிசெய்தவருக்கு மூன்றாம் மாதம் இந்தச் சிக்கல் வரும். ஓர் ஈற்றுக்கு 20 முதல் 50 குஞ்சுகள், மாதம் ஓர் ஈற்று, ஏறக்குறைய இரண்டு மாதத்தில் அந்தக் குஞ்சுகளும் இனப்பெருக்கத்துக்குத் தயார் என்றால் எந்தத் தொட்டி தாங்கும்? ட்ரினிடாட் தீவின் ஓடைகளில் கப்பிகளை ஆராய்ந்த டேவிட் ரெஸ்னிக், ஜான் எண்ட்லர் ஆகியோர், கொன்றுண்ணும் மீன்கள் மிகுந்த இடங்களில் வாழும் கப்பிகள் இளம் வயதிலேயே பருவமடைந்து, அதிக எண்ணிக்கையில் சிறிய குஞ்சுகளை ஈனுகின்றன என்று காட்டினார்கள். பெரும்பகுதி இழக்கப்படும் என்ற கணக்கோடுதான் இந்த மீன் ஈனுகிறது. இழப்பே இல்லாமல் செய்துவிட்டால் அந்தக் கணக்கு நம் தொட்டியில் நெரிசலாக வந்து நிற்கும். தனித் தொட்டி இல்லாதவர்கள் ஓர் ஈற்றில் ஐந்தாறு குஞ்சு பிழைத்தால் அதையே வெற்றியாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து. அதற்கு அடர்ந்த ஒரு செடிப்புதரே போதும், பெட்டி தேவையில்லை.

அதற்கு மேல் வளர்க்க விரும்புபவர்கள் மூன்றாம் வாரத்திலிருந்தே பாலினத்தைக் கவனிக்க வேண்டும். பெண் குஞ்சின் வயிற்றுக்குப் பின்புறம் கரும்புள்ளி தோன்றும். ஆணுக்கு வயிற்றின் அடியில் உள்ள துடுப்பு விசிறி வடிவத்தை இழந்து, குச்சிபோல் கூராகும். நிறம் வரும்வரை காத்திருந்தால் பெண்கள் அதற்குள் சினையாகியிருக்கும். அடையாளம் தெரிந்தவுடன் ஆண்களையும் பெண்களையும் வெவ்வேறு தொட்டியில் பிரித்து, மிஞ்சியவற்றை மீன் வளர்ப்பவர்களுக்கோ மீன் கடைகளுக்கோ கொடுத்துவிடவும். குளத்திலோ ஓடையிலோ மட்டும் விடக் கூடாது. கப்பி தன் தாயகத்துக்கு வெளியே பல நாடுகளின் நீர்நிலைகளில் இப்படித்தான் குடியேறி, அங்குள்ள சிறு மீன்களோடு உணவுக்கும் இடத்துக்கும் போட்டியிடுகிறது.